அசையாத உடல், சோர்ந்த மனம்: இளையோர் பற்றிய கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 14 வயது. ஒல்லியாகத்தான் இருக்கிறான், நோய்நொடி எதுவும் இல்லை. அவனுக்கு எதற்கு உடற்பயிற்சி?

பதில்: உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை எடை பார்க்கும் கருவி பிரித்துச் சொல்லாது. தசை இயங்கும்போது இன்சுலினின் துணையில்லாமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்த வேலை நாள்தோறும் நடக்காவிட்டால் சுமை, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் மேல் ஏறுகிறது. சென்ற மாதம் 16 வயது மாணவர் ஒருவரைத் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழச் சொன்னேன். முதல் முறை பின்னால் சாய்ந்தார். இரண்டாம் முறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். மூன்றாம் முறை கையை ஊன்றிவிட்டுத் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய எடை உயரத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. மகனை வெளியே அனுப்புங்கள். ஆனால், உடற்பயிற்சியைத் தண்டனையாக்காதீர்கள்.

கேள்வி: எலும்புத் தேய்மானம் முதுமையில் வருவதுதானே? இளம் வயதில் அதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எலும்பு உயிருள்ள திசு. சுமை விழும் இடத்தில் தடிக்கும், விழாத இடத்தில் மெலியும். டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மற்றக் கையைவிட வலுவாக இருக்கிறது என்பதும், பூப்படையும் பருவத்திலோ அதற்கு முன்போ ஆடத் தொடங்கிய பெண்களிடம் அந்த வேறுபாடு இன்னும் அதிகம் என்பதும் அளந்து காட்டப்பட்டவை. வாழ்நாளில் எட்டக்கூடிய உச்ச எலும்புத் திண்மையில் ஏறத்தாழ 90 விழுக்காடு 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது; முதுமையில் நாம் செலவழிப்பது அந்தச் சேமிப்பைத்தான். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை என்றாலும், எலும்புக்குக் குதிப்பதும் ஓடுவதும் வேண்டும்.

கேள்வி: நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்?

பதில்: 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுபவை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை இது. 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 81 விழுக்காட்டினர் போதிய அளவு இயங்குவதில்லை என்று 2016ஆம் ஆண்டுத் தரவுகள் காட்டின.

கேள்வி: எடை தூக்கினால் உயரம் குறையுமா?

பதில்: குறையாது. பயிற்சியாளரின் கண்காணிப்பில், சிறிய எடையில் தொடங்கட்டும்.

கேள்வி: என் மகள் ஒல்லி. அவளுக்கும் தேவையா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விடுமுறையில் மூன்று வாரம் படுத்தே கிடந்தேன். கல்லூரி திறந்ததும் மாடி ஏறவே மூச்சு வாங்குகிறது. இவ்வளவு விரைவில் உடல் தளருமா?

பதில்: தளரும். 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதுடைய நலமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களின் உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, வயது ஏறியதால் வந்த இழப்பு அந்த மூன்று வார இழப்பைவிடக் குறைவாகவே இருந்தது. படுக்கையைவிட்டு எழுந்து பயிற்சி செய்த பின் அவர்கள் இழந்ததை மீட்டார்கள், நீங்களும் மீட்கலாம்.

கேள்வி: அசையாமல் இருந்தால் மனச்சோர்வு வருமா?

பதில்: அதற்கான வாய்ப்பு கூடுகிறது. உடலியக்கம் உறக்கத்தை ஆழமாக்குகிறது, பதற்றத்தைத் தணிக்கிறது. கூடி விளையாடும்போது தோழமையும் கிடைக்கிறது.

இடையில் ஒருவர்: இது தலைகீழ், டாக்டர். என் மனம் சோர்ந்ததால்தான் நான் படுத்துக்கிடந்தேன். "எழுந்து ஓடு" என்று எல்லாரும் சொன்னார்கள், குற்றவுணர்வுதான் மிஞ்சியது.

பதில்: நீங்கள் சொல்வது சரி, என் பதில் ஒருபக்கமாக நின்றுவிட்டது. சோர்வு அசைவைக் குறைக்கிறது, அசைவின்மை சோர்வை வளர்க்கிறது; ஆகவே படுத்துக்கிடப்பவரைச் சோம்பேறி என்று அழைப்பது மருத்துவ அடிப்படையில் தவறு, மனிதத்தன்மையும் அன்று. தண்டனையாக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

மற்றொருவர்: அப்படியானால் மாத்திரைக்குப் பதிலாக ஓட்டமே போதுமா?

பதில்: போதாது. உடலியக்கம் சிகிச்சைக்குத் துணை. மருத்துவர் தந்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கேள்வி: ஓடும்போது மகனுக்கு நெஞ்சு வலிக்கிறது. என்ன பயிற்சி தரலாம்?

பதில்: எந்தப் பயிற்சியும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தேர்வு வரை விளையாட்டை நிறுத்திவிடலாமா? பையன் ஒல்லிதான்.

பதில்: ஒல்லி என்ற பேச்சு மூன்றாம் முறை வருகிறது, அதை விட்டுவிடுங்கள். விளையாட்டை நிறுத்த வேண்டாம். மதிப்பெண் குறைந்ததற்காக விளையாட்டைப் பறிப்பதும் தண்டனைதான்.

முன்பு இடையில் கேட்டவர்: நான் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நாளைக் காலை வாசல் வரை நடந்து, ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ளாத ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளை விட்டுவிட்டு அதற்கடுத்த நாள் செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்; தெருமுனை வரை போவதைப் பற்றி அப்போது பேசுவோம்.