லிப்பிடு விடும் முன்பே 5சிபி படலம் இருள்வது

லிப்பிடு வெசிக்கிள்களை (கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன நுண்குமிழ்களை) சேர்க்கும் முன்பே, அதுவும் மதியத்தில் மட்டும், 5சிபி என்ற திரவப் படிகத்தின் படலம் துருவ ஒளி மைக்ராஸ்கோப்பில் முழுக்க இருண்டுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அறைச் சூட்டைப் பாருங்கள். 5சிபி சுமார் 35 டிகிரியில் திரவப் படிக நிலையை இழந்து சாதாரணத் திரவமாகி இருண்டு தெரியும். சென்னை மே மாதத்தில் ஏசி நின்றாலே போதும். மைக்ராஸ்கோப் விளக்கின் சூடு வேறு.

சிக்கல் என்னவென்றால், லிப்பிடு படிந்து 5சிபி மூலக்கூறுகள் படலத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்தாலும் இதே இருட்டுதான். மைக்ராஸ்கோப் மேடையைச் சுழற்றியும் வித்தியாசம் தெரியாது. 28 டிகிரிக்குக் குளிர வைத்துப் பாருங்கள். வெளிச்சம் திரும்பினால் சூடுதான் காரணம். திரும்பாவிட்டால், படலத்தைத் தாங்கும் கிரிட்டிலோ (சிறு வலைத்தட்டு) பாத்திரத்திலோ சோப்பு ஒட்டியிருக்கலாம். அதுவும் மூலக்கூறுகளை நிமிர்த்திவிடும், நன்றாக அலசுங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தவே வழியில்லையா? சரி, இ7 என்ற திரவப் படிகக் கலவைக்கு மாறுங்கள், சுமார் 58 டிகிரி வரை தாங்கும்.