நாய்க்கும் நர்ஸ் உண்டா?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். டாக்டருடன் ஒரு பெண் இருந்தார். நாயைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பில்லில் அவருக்கும் தனியாகக் கட்டணம்! பிடிப்பதற்குக் கூடவா காசு? – திருச்சி வாசகர்

பதில்: பிடிப்பதற்குத்தான் சார் காசே! முன்னங்காலில் ஊசி போடும்போது பாருங்கள். ஒரு கை நாயின் கழுத்தை அணைத்து முகத்தை விலக்கி வைத்திருக்கும், இன்னொரு கை முழங்கைக்குப் பின்னால் போய்க் காலை முன்னே நீட்டும், அதே கையின் கட்டைவிரல் ரத்தக்குழாயை அழுத்தி லேசாக வெளிப்பக்கம் உருட்டும். சிரிஞ்சில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் கட்டைவிரலை மட்டும் எடுக்க வேண்டும், காலை விடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். நாய் காலை இழுக்கும், மருந்து வெளியே போகும், அப்புறம் அடுத்த காலில் முதலிலிருந்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மானத்தைக் காப்பாற்றியது நன்றாகப் பிடிக்கத் தெரிந்த ஒரு அக்காதான்.

நாய் மயங்கிய பிறகு நான் வயிற்றைப் பார்ப்பேன், கூட இருக்கும் உதவியாளர் நாயைப் பார்ப்பார். ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். மூச்சு, நாடி, உடம்புச் சூடு எல்லாம் குறிப்புத்தாளில் ஏறிக்கொண்டே இருக்கும். கண் காயாமல் களிம்பு வைப்பதும் அவரே. முடிந்ததும், மூச்சுக்காகத் தொண்டையில் விட்ட குழாயை உடனே உருவக் கூடாது, நாய் எச்சில் விழுங்க ஆரம்பிக்க வேண்டும். பக் (pug) இன நாய் மாதிரி சப்பை மூக்கு என்றால் இன்னும் பொறுமை.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கால்நடை மருத்துவத்துக்கு கட்-ஆஃப் எட்டவில்லை. லண்டனில் உள்ள மைத்துனர் அங்கே விலங்குகளுக்கென்றே நர்சிங் இருக்கிறது என்கிறார். இங்கே? – மதுரை வாசகி

பதில்: அவர் சொல்வது சரி. பிரிட்டனில் 1961-லேயே பயிற்சித் திட்டம் வந்துவிட்டது. ‘நர்ஸ்’ என்ற பெயர் மனிதர்களைக் கவனிப்பவர்களுக்கே என்று அப்போது சட்டம் இருந்ததால், வேறு பெயரில் ஓட்டி, 1984-ல்தான் ‘வெட்டரினரி நர்ஸ்’ ஆனார்கள். டிப்ளமோ அல்லது பட்டம், கூடவே கிளினிக்கில் பயிற்சி, பிறகு பதிவு. மருத்துவர் சொன்னால் தையல் போடுவது வரை செய்யலாம்.

அதே 1984-ல் வந்த நம் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், மருத்துவரின் மேற்பார்வையில் சில சிறு சேவைகளை மட்டும் மற்றவர்களுக்கு விடுகிறது. அப்படிச் செய்பவர்களில் கால்நடை ஆய்வாளரைத் தெரியும்தானே, மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வருவாரே! திரவ நைட்ரஜன் கேனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் விந்துக் குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்துப் போடுவார். காலையில் மாடு பருவத்துக்குக் கத்தினால் சாயந்திரம் ஊசி என்பது அவர்கள் கணக்கு. தனியார் கிளினிக்கில் இருப்பவர்களோ பெரும்பாலும் வேலையிலேயே கற்றவர்கள்தான். முதலில் மகளை ஒரு மாதம் கிளினிக்குக்கு அனுப்பிப் பாருங்கள். நாளில் பாதி கூண்டு கழுவுவதிலேயே போகும், அதற்கும் முகம் சுளிக்காமல் வீடு திரும்பினால் மேலே பேசலாம்.

கேள்வி: அப்படி அனுப்பினால் வெறிநாய்க்கடி ஊசி முன்னாலேயே போட வேண்டுமா? – அதே வாசகி

பதில்: ஆமாம், சேருவதற்கு முன்பே. அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.