அப்பாவிடம் சோங் வெய்யைக் காட்டி மிரட்டாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 56. லோரி ஓட்டுநர். முப்பது வருடமாக வெற்றிலையும் புகையிலையும் போட்டவர். கன்னத்தின் உள்பக்கம் வந்த புண் ஆறவே இல்லை. சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கதிர்வீச்சு நடக்கிறது. மொத்தம் 30 தடவை, 17 முடிந்துவிட்டது. அப்பாவுக்குப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் என்றால் உயிர். அவருக்கும் புற்றுநோய் வந்ததே என்று, கோப்பையோடு அவர் நிற்கும் படத்தைப் பெரிதாக எடுத்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். சாப்பிட மறுக்கும்போதெல்லாம் "அவரைப் பாருங்கப்பா, எப்படிப் போராடினார்" என்பேன். போன வாரம் அப்பா, "அவன் தோத்தப்பகூட நான் ஒரு வார்த்தை திட்டினதில்ல. நீ என்னைத் தினமும் திட்டுற" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மிச்சம் 13 தடவை வேண்டாம், போதும் என்கிறார். எதற்கும் பயப்படாத மனிதர். எப்படித் தைரியம் கொடுப்பது?
— ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் அப்பா சொன்ன அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். பயந்துபோன மனிதர் பேசுகிற பேச்சு அல்ல அது. இத்தனை வலியிலும் இப்படிக் குறி பார்த்து அடிக்கிறாரே, சோங் வெய் ரசிகர்தான், சந்தேகமில்லை.

நீங்கள் ஒட்டிய படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோப்பையோடு நிற்கும் படம் எதுவானாலும் அது நோய்க்கு முந்தைய படம்தான். நோய்க்குப் பிறகு அவர் ஒரு சர்வதேசப் போட்டியும் ஆடவில்லை. நாம் இதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

பாகான் செராயில் பிறந்து புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர் அவர். உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஒலிம்பிக்கில் மூன்று தடவை இறுதியாட்டம், பெய்ஜிங் 2008, லண்டன் 2012, ரியோ 2016, மூன்றிலும் வெள்ளி. 2018 ஜூலை தொடக்கத்தில், புக்கிட் ஜாலிலில் ஜப்பானின் மொமோத்தாவை வென்று மலேசிய பொது விருதை (மலேசியா ஓப்பன்) பன்னிரண்டாவது தடவையாகத் தூக்கினார். அப்போது அவருக்கு 35 வயது. அதே மாதம் உலகப் போட்டியிலிருந்தும் ஆசிய விளையாட்டிலிருந்தும் விலகினார். முதலில் மூச்சுக் கோளாறு என்றுதான் வெளியே சொன்னார்கள். மூக்குப் புற்றுநோய், ஆரம்பக் கட்டம் என்பது செப்டம்பரில்தான் நமக்குத் தெரிந்தது. அத்தனை பெரிய ஆளுக்கும் கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கத் தேவைப்பட்டது, பாருங்கள்.

தைவானில் 33 தடவை புரோட்டான் கதிர்சிகிச்சை. ஊருக்குத் திரும்பி, ராக்கெட்டை எடுத்து மறுபடி பயிற்சிக்குப் போனார். ஆல் இங்கிலாந்து போட்டிக்குள் வந்துவிடுவார் என்றார்கள், வரவில்லை. மலேசிய பொது விருதுக்கு வருவார் என்றார்கள், அதுவும் இல்லை. மருத்துவர்கள் கடும் பயிற்சி கூடாது என்றார்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் இன்னொரு முயற்சி என்ற கனவு இருந்தது. 2019 ஜூன் 13 அன்று புத்ராஜெயாவில் கேமராக்கள் முன்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே, ஓய்வு பெறுகிறேன் என்றார். வயது 36.

என்னைக் கேட்டால் அவர் ஆடிய ஆட்டங்களிலேயே கஷ்டமானது அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான். பந்தைத் துரத்தி விழுந்து எழுவது அவருக்குப் பழகிப்போன வேலை. எல்லாரும் பார்க்க "இனி முடியாது" என்று சொல்வது பழகாத வேலை. நீங்கள் அப்பாவிடம் கேட்கும் சோங் வெய், பந்தைத் துரத்துகிற அந்த முதலாவது ஆள். அப்பா இப்போது இருப்பதோ அந்த நாற்காலியில்.

இன்னொன்று. இரண்டு பேருக்கும் வந்தது ஒரே நோய் இல்லை. மூக்கின் பின்புறம் வருவது சீனர்களிடையே அதிகம், அதற்குப் பெரும்பாலும் கதிர்வீச்சே முதல் மருந்து. வாய்ப் புற்றுநோய் நம் இந்திய சமூகத்தை நன்றாக அடித்துப் போடுகிற நோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் அதற்குத் துணை. அதற்கு முதலில் கத்தி, பிறகு கதிர். ஆகவே "அவருக்குச் சரியாயிடுச்சே" என்ற கணக்கு இங்கே ஓடாது. (வெற்றிலைப் பெட்டியை எடுத்து ஒளித்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நல்லது. ஆனால் "அப்பவே சொன்னேனே" மட்டும் வேண்டாம்.)

சரி, 17 தடவை என்பது என்ன என்று பார்ப்போம். முகத்தின் அளவுக்கு வார்த்த ஒரு வலைமூடி. அதை முகத்தில் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். எல்லாரும் அறையை விட்டு வெளியே போய்விடுவார்கள். சில நிமிடம் அசையாமல், தனியாக, எச்சில் விழுங்கக்கூட யோசித்துக்கொண்டு கிடக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய்க்குள் புண் கிளம்பும். எச்சில் கெட்டியாகிப் பிறகு வற்றிப்போகும். நாக்குக்கு ருசி தெரியாது, சோறு மணலை மெல்லுவது போல இருக்கும். இப்படி இருந்தும் உங்கள் அப்பா 17 காலை எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, உங்கள் காரில் ஏறியிருக்கிறார். தைரியம் கொடுக்கணும் என்கிறீர்கள், அவரிடம் இல்லாததா?

என் அக்காவுக்குத் தொண்டையில் இதே சிகிச்சை நடந்தபோது நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நோயை ஜெயித்த கதையைத் தினமும் சொன்னேன். ஒருநாள் அக்கா காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: "அவர் கதை எனக்கு மனப்பாடம். நீ கொஞ்சம் கஞ்சி ஆத்து." அவள் கையெழுத்து அவ்வளவு அழகு. அந்தக் காகிதத்தைத் தொலைத்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆனால் சிகிச்சையை நிறுத்தும் விஷயத்தில் நான் அப்பா பக்கம் இல்லை. கதிர்வீச்சில் இடைவெளி விட்டால் நோய்க்குத்தான் லாபம். அதனால் ஒரு நாள்கூட வீட்டிலேயே முடிவெடுத்து விட்டுவிடாதீர்கள். அவர் "போதும்" என்பதை அப்படியே மருத்துவர் காதில் போடுங்கள். பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள் இருப்பது வலிதான். வலி மருந்தைக் கூட்டலாம், மோர்ஃபின் வரை கொடுப்பார்கள். அதைக் கேட்டதும் கடைசி நேர மருந்து என்று நம் ஆட்கள் பயந்துவிடுகிறார்கள், அப்படி இல்லை. வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்துப் பாருங்கள், விழுங்குவது வேறு மாதிரி இருக்கும். எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்பார்கள். அதைத் தோல்வி மாதிரி பார்க்காதீர்கள். டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

வீட்டில் காரம், புளி, சூடு மூன்றையும் ஒதுக்குங்கள். அவருக்குப் பிடித்த ரசம் இப்போது அமிலம் மாதிரி எரியும். குழைந்த கஞ்சி, அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வெந்த முட்டையை மசித்துப் பால் கலந்தது, ஆறிய மைலோ. பெரிய தட்டில் போட்டு முன்னால் உட்கார்ந்து முறைக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சின்ன கிண்ணம். உப்பும் சோடா உப்பும் கரைத்த தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும்.

இன்னொரு உண்மையை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 30 முடிந்த மறுநாள் எல்லாம் சரியாகிவிடாது. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் மோசமாகவே இருக்கும், அப்புறம்தான் மெல்ல ஆறும். ருசி திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். இதைத் தெரியாமல் நாள் எண்ணிக்கொண்டிருந்தால், முப்பத்தொன்றாவது நாள் மனம் உடைந்துவிடும். அவர் தூங்காமல், யாரோடும் பேசாமல், வாழ்வதே வேண்டாம் என்கிற மாதிரிப் பேசினால் அதையும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் லோரி ஓடாத வீட்டில் அதுவும் ஒரு பாரமாக அவர் மண்டைக்குள் இருக்கும். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்தால் இயலாமை ஓய்வூதியம் உண்டா என்று விசாரியுங்கள். 60 வயதுக்குள் மனு செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

வாய்ப் புண்ணோடு பேசுவது கஷ்டம். அதனால் அவரிடம் கேள்வி கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். ரியோ அரையிறுதியை யூடியூபில் போடுங்கள், சீனாவின் லின் டானை 15-21, 21-11, 22-20 என்று ஜெயித்த ஆட்டம். லண்டன் இறுதியாட்டத்தை அவரே கேட்டால் போடுங்கள். மூன்றாவது செட்டில் 19-21 என்று போனதே, அது. தோற்ற ஆட்டத்தையும் அவர் விரும்பிப் பார்ப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படத்தை நாளைக்கு ஐஸ்பெட்டிக் கதவிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கே ஒட்டுவது, ஒட்டுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.