மண் போட்டு மூடினால் பொறுப்பு முடிந்துவிடுமா?

கேள்வி: கொங்குப் பகுதியில் ஒரு நகராட்சியை ஒட்டிய கிராமம் எங்களுடையது. எங்கள் மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு மேற்கே கைவிடப்பட்ட பாறைக்குழி ஒன்று உள்ளது. அதில் நகராட்சி பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை முடிந்ததும் எங்கள் கிணற்று நீர் பழுப்பாகி நாற்றமெடுத்தது. மாடுகள் வாய் வைப்பதில்லை. தென்னையில் குரும்பை உதிர்கிறது. குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்ததற்கு, "குழி மண்ணிட்டு மூடப்பட்டுக் கழிவு நிலைப்படுத்தப்பட்டுவிட்டதால் மனு முடிக்கப்படுகிறது" என்று பதில் வந்தது. குழிக்கு இன்னும் அருகில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நன்றாக இருப்பதால் யாரும் எங்களை நம்பவில்லை. இனி வழக்குப் போட முடியுமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்: முடியும். ஆனால் எந்தப் பிரிவில் போடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக, அதற்கான 2010ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. சுற்றுச்சூழல் தொடர்பான தகராறைத் தீர்க்கும் 14ஆம் பிரிவுக்கு ஆறு மாதமே கெடு. அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இழப்பீடு, சொத்துச் சீரமைப்பு, சுற்றுச்சூழல் சீரமைப்பு ஆகியவற்றைக் கேட்கும் 15ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். இரண்டுக்குமே காலம் எண்ணப்படுவது வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. உங்கள் முதல் மனுவின் ஒப்புகைச் சீட்டைத் தேடி எடுங்கள். நீர் எப்போது கெட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. உரிமையியல் நீதிமன்றம் வேண்டாம். தீர்ப்பாயம் தீர்க்கக்கூடிய விஷயத்தில் அங்கே வழக்கு நடத்த 29ஆம் பிரிவு தடை போடுகிறது.

இனி நகராட்சியின் பதிலுக்கு வருவோம். இப்படி ஒரு வரியில் மனுவை 'முடித்து வைக்கும்' பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. கழிவு நிலைப்பட்டது என்றால், அதில் உள்ள மக்கும் பொருள்கள் சிதைந்து முடிந்து, இனி வெப்பமோ வாயுவோ குப்பையிலிருந்து ஊறி வடியும் நாறும் கசிவுநீரோ வராத நிலை. அதற்காகத்தான் பழைய குப்பையைக் கிளறி, வரப்பு வரப்பாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காற்றுப் படும்படி புரட்டிப் போட்டு, பிறகு சலித்துப் பிரிக்கும் முறையை மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னது. 'பயோமைனிங்' என்று பேசிக்கொள்வது இதைத்தான். மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே காற்று போகாது. மட்கல் மெதுவாக, பல ஆண்டுகளுக்கு நடந்துகொண்டே இருக்கும்.

அதிலும் உங்கள் ஊரில் நடந்தது பாறைக்குழியில். குப்பையைப் புதைக்க 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கேட்டது இதற்கு நேர்மாறான இடத்தை. அடியில் 90 செ.மீ. கனத்தில் நீர் எளிதில் புகாத களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிப்புள்ள பாலிதீன் விரிப்பு வேண்டும். அந்தக் களிமண் அடுக்குக்கும் நிலத்தடி நீர் மிக உயரும் மட்டத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். குடியிருப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன அவை. கல் வெட்டிய குழியோ பெரும்பாலும் ஊற்று மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். மேலே மண் மூடுவது மழையை ஓரளவு தடுக்கும். பக்கவாட்டில் பாறை வெடிப்பு வழியாக வரும் நீர் குப்பையை நனைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறுவதை அது தடுக்காது.

சட்டப்படியும் மூடியதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. குப்பை புதைக்க முறையாக அமைத்த நிரப்பு நிலத்தையே மூடிய பிறகு குறைந்தது 15 ஆண்டுகள் பராமரித்து, நிலத்தடி நீரைக் கண்காணிக்க வேண்டும் என்றன அதே விதிகள். விதிப்படி அமையாத குழிக்கு மட்டும் அதைவிடக் குறைந்த கடமையா என்று கேளுங்கள். ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைகளின் கழிவு கசிந்து கிணறுகள் கருத்துப்போன வழக்கில், ஆலைகள் மூடப்பட்ட பிறகும் சீரமைப்புச் செலவு அவற்றின் தலையிலேயே விழும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. "நிதி இல்லை" என்ற பதில் வந்தால் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி மீதான 1980ஆம் ஆண்டு வழக்கைக் காட்டலாம். காசில்லை என்று உள்ளாட்சி தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அன்றே சொல்லிவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வழக்கு தோற்றால் அது அறிவியலில்தான் தோற்கும். எனவே பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன். கடினப்பாறைப் பகுதியில் நீர் வட்டமாகப் பரவுவதில்லை, வெடிப்பு போகும் திசையில் போகிறது. அருகில் உள்ள கிணறு தப்பித்து, தூரத்துக் கிணறு கெடுவது நடக்கக்கூடியதே. அந்த நல்ல கிணற்றை மறைக்காதீர்கள், அதையும் சோதியுங்கள். அதோடு குழிக்கு மேட்டுப்புறம் உள்ள ஒரு கிணற்றையும் சேருங்கள். மேட்டில் நல்ல நீர், குழி தாண்டியதும் கெட்ட நீர் என்று காட்டிவிட்டால் வழக்கின் பாதி வேலை முடிந்தது. நீர்மட்டத்தை அளந்து ஓட்டத் திசையைக் காட்டும் புவியியல் வல்லுநரின் அறிக்கை மீதியைச் செய்யும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் போன பிறகு பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்கான புட்டியில் அமிலம் சேர்க்க வேண்டும் என்பதால் ஆய்வகத்தாரையே வரவழைப்பது நல்லது. ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் முத்திரையிட்டு, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று வேண்டும். நைட்ரேட்டை மட்டும் காட்டினால் உங்கள் மாட்டுக் கொட்டகையையும் உரத்தையும் கைகாட்டுவார்கள். உப்பையும் குளோரைடையும் மட்டும் காட்டினால் சாயக்கழிவு என்பார்கள். அமோனியா, வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் கலந்த கழிவின் அளவைக் காட்டும் சி.ஓ.டி.), இரும்பு, மாங்கனீசு, ஈயம் எல்லாம் சேர்ந்து உயர்ந்திருந்தால் அந்த வாதங்கள் வலுவிழக்கும்.

இதற்கிடையே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். குழியில் குப்பை கொட்ட மாசு கட்டுப்பாட்டு வாரியம் தந்த அனுமதியின் நகல், நிலத்தடி நீர்ச் சோதனை முடிவுகள், 'நிலைப்படுத்தப்பட்டது' என்ற முடிவுக்கு ஆதாரமான ஆய்வறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அப்படி ஆவணமே இல்லை என்று வந்தால் அதுவே உங்களுக்கு முதல்தரச் சான்று.

இழப்பைக் கணக்கோடு காட்ட வேண்டும். சிட்டா, அடங்கல், தோட்டக்கலை அலுவலரின் சான்று, லாரித் தண்ணீர் வாங்கிய ரசீதுகள் இவற்றோடு பால் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தையும் வையுங்கள். ஊற்றிய பால் மாதாமாதம் எப்படிக் குறைந்தது என்பது அதில் எழுதியே இருக்கும். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், குறைந்தது ஆயிரம் ரூபாய். நீங்கள் பெண் என்பதால் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

மனுவில் நகராட்சி ஆணையர், மாசு கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட ஆட்சியர் ஆகியோரோடு, பட்டா நிலம் என்றால் குழியின் உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். இடைக்கால உத்தரவாக, வழக்கு முடியும்வரை நகராட்சியே உங்கள் வீட்டுக்கும் மாடுகளுக்கும் தண்ணீர் தர வேண்டும் என்று கேளுங்கள். தீர்ப்பாயம் கூட்டுக் குழு அமைத்து ஆய்வுக்கு அனுப்புவது வழக்கம். ஆய்வு நாளன்று கட்டாயம் அங்கே இருந்து, உங்கள் கிணற்றிலும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் அது விடுபட்டால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

அதுவரை அந்த நீரைக் காய்ச்சிக்கூடக் குடிக்காதீர்கள். காய்ச்சினால் உப்பும் உலோகமும் போகாது. கிணற்றை இறைத்துத் தூர்வாரும் எண்ணமோ பிளீச்சிங் பவுடர் போடும் எண்ணமோ இருந்தால், முதல் மாதிரி எடுத்து முத்திரையிடும்வரை நிறுத்தி வையுங்கள்.