படிப்பு முடிந்து வார்டுக்குள் நுழையும் புதிய செவிலியர்களுக்கு

(அண்மையில் பதிவு பெற்று மருத்துவமனைப் பணியில் சேர்ந்தவர்களும் அவர்களது வீட்டாரும் எழுதிய கடிதங்களுக்கு, ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.)

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் சேர்ந்திருக்கிறேன். கல்லூரியிலிருந்து போஸ்டிங் போகும்போது ஒருவரையோ இருவரையோ பார்த்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதுவோம். இப்போது இரவு டூட்டியில் பன்னிரண்டு பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். எதை முதலில் செய்வது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறேன். "நாலு வருஷம் என்னதான் படிச்சே?" என்று மூத்தவர்கள் கேட்கும்போது அழுகை வருகிறது. என்னிடம்தான் குறையா?
– வாசகி, திண்டுக்கல்

இந்தக் கேள்வியைக் கேட்கும் மூத்தவர்கள் தங்களுடைய முதல் ஆண்டில் இதே கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தாம். ஆகவே அதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஒரு நோயாளியைப் பற்றி முழுமையாகச் சிந்திக்கக் கல்லூரி உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பன்னிரண்டு பேரில் யாரிடம் முதலில் போவது என்ற முடிவை ஓர் இரவில் பலமுறை எடுக்க வேண்டிய நிலை வார்டில்தான் வருகிறது, அதை வார்டில்தான் கற்க முடியும். இந்தத் திகைப்புக்கு அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இலேயே 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார். நம் நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டரை இன்டர்ன்ஷிப்பாக ஆக்கியிருப்பது இந்த இடைவெளியைக் குறைக்கும் என்றாலும், இன்டர்ன்ஷிப்பிலும் கேஸ் ஷீட்டுக்குப் பொறுப்பேற்பவர் வேறொருவர். இப்போது அந்தக் கையெழுத்து உங்களுடையது. பயத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது, அந்தப் பயம் நியாயமானது. மேலும், பொது வார்டில் ஆறு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. உங்களிடம் பன்னிரண்டு பேரை விட்டிருக்கிறார்கள் என்றால் திகைப்பில் பாதி டூட்டி ரோஸ்டரைச் சேர்ந்தது.

இனி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். டூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரை நர்ஸிங் ஸ்டேஷனில் நின்றபடி வாங்காதீர்கள். டூட்டி முடித்துப் போகிறவரைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் செல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. டிரிப் ஏற்றும் கேனுலா ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறதா, பாட்டிலில் எவ்வளவு மீதம், ஆக்ஸிஜன் எத்தனை லிட்டரில் ஓடுகிறது, யூரின் பேகில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பவற்றை அவர் அங்கே இருக்கும்போதே பார்த்துவிட்டால், பிறகு "நான் இருந்தபோது சரியாகத்தானே இருந்தது" என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. அதன் பின் மருந்து டிரேயைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சுற்று வாருங்கள். அந்தச் சுற்றில் பார்க்க வேண்டியது ஒன்றே: இன்றிரவு நிலை மாறக்கூடியவர்கள் யார்? முந்தைய நாள் அறுவை சிகிச்சை முடிந்தவர், ஆக்ஸிஜனில் இருப்பவர், ரத்த வாந்தி எடுத்து வந்தவர், டெங்குவில் காய்ச்சல் இறங்கியவர் ஆகியோரின் கட்டில் எண்களை ஒரு தாளில் மேலே எழுதுங்கள். பன்னிரண்டு பேர் அப்போது மூவராகவோ நால்வராகவோ சுருங்குவார்கள்.

டெங்குவைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதியடைந்து டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்கத் தொடங்குவார்கள். அடுத்து வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து நோயாளி ஷாக்குக்கு, அதாவது ரத்த ஓட்டம் குலையும் நிலைக்குப் போகக்கூடிய காலம். ரத்த அழுத்தம் 100/80 என்று இருந்தால் புதியவர் கண்ணுக்கு அது நல்ல எண்ணாகத் தெரியும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20-க்கு வந்துவிட்டதை, கை கால் சில்லிட்டிருப்பதோடும் சிறுநீர் குறைந்திருப்பதோடும் சேர்த்துப் பார்த்தால் உடனே மருத்துவரை அழைப்பீர்கள்.

மூச்சு எண்ணிக்கையையும் உண்மையாகவே எண்ணுங்கள். எந்த வார்டின் சார்ட்டைப் புரட்டினாலும் எல்லோருக்கும் 20 என்று வரிசையாக எழுதியிருப்பதைக் காணலாம். பன்னிரண்டு பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவது உலகில் எங்கும் நடக்காத காரியம். உடல்நிலை மோசமாவதைப் பெரும்பாலும் முதலில் காட்டுவது மூச்சுதான். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு முழு நிமிடம் மார்பைப் பாருங்கள். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்.

இன்சுலின் போடுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று கேலி செய்கிறார்கள். தெரியும்போதும் கேட்பது சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

சரிதான். கேலியைப் பொருட்படுத்தாமல் தொடருங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் புழக்கத்தில் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் முதலாவதற்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் இரண்டாவதற்கு. இரண்டும் ஒரே டிராயரில் கிடக்கும். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உடலுக்குள் போவது 25 யூனிட். நள்ளிரவில் சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழந்தால், தூங்குகிறார் என்று எண்ணிக் கடந்து போய்விடுவீர்கள். மாற்றி எடுத்தால், அதாவது 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால், 10-க்கு 4 யூனிட்தான் போகும். இரண்டாவது ஆளிடம் காட்டும்போது சிரிஞ்சை மட்டும் நீட்டாமல் குப்பி, சிரிஞ்ச், ஆர்டர் எழுதிய தாள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். அளவைச் சொல்லிவிட்டு "சரிதானே?" என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள், அவரே படித்து அளவைச் சொல்லட்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கும் பொட்டாசியம் குளோரைடுக்கும் இதே முறைதான். பத்து மில்லி பொட்டாசியம் ஆம்பூலைக் கலக்காமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பல மருத்துவமனைகள் அதை மற்ற ஆம்பூல்களோடு வைக்காமல் தனிப் பெட்டியில் பூட்டி வைப்பதன் காரணம் இதுவே. உங்கள் வார்டில் அது டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலுக்குப் பக்கத்தில் கிடந்தால், புதியவராக இருந்தாலும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

டிரிப் கணக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு மில்லிக்கு எத்தனை துளி என்பது ஐ.வி. செட்டின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். 500 மில்லியை ஆறு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், 20 துளி செட்டில் நிமிடத்துக்கு 28 துளி, 15 துளி செட்டில் 21 துளி. பாடப்புத்தக எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு உறையைப் பார்க்காமல் விடுவதால்தான் பாட்டில் முன்கூட்டியே தீர்ந்துபோகிறது.

இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்யவே பயமாக இருக்கிறது. "இதுக்கெல்லாமா எழுப்புவ?" என்று ஒருமுறை திட்டு வாங்கினேன்.
– வாசகர், விழுப்புரம்

திட்டு இனியும் விழும். ஆனால் தூக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் "பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்" என்று தொடங்கினால் அவருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போனை எடுக்கும் முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வைட்டல்ஸை (நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் போன்றவற்றை) மறுபடியும் ஒருமுறை எடுத்துவிட்டுப் பேசுங்கள். "சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். ஏழாம் பெட், நிமோனியா, நேத்து அட்மிட் ஆனவர். மூச்சு இருபதுலேருந்து முப்பத்திரண்டுக்குப் போயிருக்கு, நாலு லிட்டர் ஆக்ஸிஜன்ல சேச்சுரேஷன் 88. நிலை மோசமாகுதுன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." இவ்வளவுதான். நோயாளி யார், பின்னணி என்ன, நீங்கள் கண்டது என்ன, கேட்பது என்ன என்ற வரிசையில் பேசும் இந்த முறையைக் கல்லூரியில் எஸ்பார் (SBAR) என்று படித்திருப்பீர்கள். கடைசி வாக்கியத்தைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். வரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும், "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா சார்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அழைத்த நேரத்தையும் சொன்ன பதிலையும் நர்ஸஸ் நோட்ஸில் எழுதுங்கள். அவர் வரவில்லை, நோயாளியும் தேறவில்லை என்றால் இரவு சூப்பர்வைசரை எழுப்புங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

தேர்வு முடிவு வந்துவிட்டது. கவுன்சில் பதிவு இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு மருத்துவமனை உடனே சேரச் சொல்கிறது. அசல் சான்றிதழ்களையும், இரண்டு ஆண்டு வேலையை விடமாட்டேன் என்ற பத்திரத்தையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதிவு இல்லாமல் செவிலியராகப் பணி செய்யக்கூடாது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவான பிறகே உங்கள் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு வரும். அதுவரை 'டிரெய்னி' என்று சேர்த்துக்கொண்டு முழு வார்டையும் கொடுப்பார்கள். ஏதேனும் நேர்ந்தால், இவர் எங்கள் செவிலியரே இல்லை என்றும் சொல்வார்கள். பதிவு முடியும்வரை காத்திருங்கள். பதிவு எண்ணோடு, தேசியப் பதிவேட்டின் என்.யு.ஐ.டி. எண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள், வேறு மாநிலத்துக்கு மாறும்போது அது உதவும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. அரசுப் பணிக்கான மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்து, அசல் மருத்துவமனை அலமாரியில் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்? பத்திரத்தைப் பொறுத்தவரை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆவது பிரிவின்படி, மீறினால் தர வேண்டியதாக ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான். அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் அளிக்கும். கையெழுத்திட்டாக வேண்டும் என்றால், நகல் ஒன்றைக் கையில் வாங்காமல் இடாதீர்கள்.

ஊதியம் பற்றி எழுதியிருந்தீர்கள். உச்ச நீதிமன்றத்தின் அறிவுறுத்தலின் பேரில் அமைந்த குழு 2016-இல், ஐம்பது படுக்கைக்கும் குறைந்த சிறு மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளம் 2018-இல் குறைந்தபட்ச ஊதியத்தை அந்த அளவுக்கு உயர்த்தி ஆணையிட்டது. இங்கே நம் பிள்ளைகள் இன்னும் அதற்கும் குறைவாகக் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஊசி கையில் குத்திவிட்டது. இன்சார்ஜிடம் சொன்னால் கவனக்குறைவு என்பார்களே என்று மறைத்துவிட்டேன்.
– பெயர் வேண்டாம், சேலம்

இதைப் படித்த உடனே சொல்லிவிடுங்கள். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் இது இலவசம். உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் ரத்தப் பரிசோதனைகளைத் தொடர்ச்சியாகச் செய்துகொள்ள வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்திருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பலருக்கும் குத்துவது அப்போதுதான்.

என் மகள் திருநெல்வேலியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று தினமும் சொல்கிறாள். விடச் சொல்வதா, பொறுத்துக்கொள்ளச் சொல்வதா?
– ஒரு தாய், தென்காசி

எதனால் விட நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். வேலை ஓடவில்லை, எல்லோரும் வேகமாக இருக்கிறார்கள் என்பது காரணமானால், அது சில மாதங்களில் தணியும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, பொறுமையான ஒரு மூத்தவரோடு சேர்த்து டூட்டி போடச் சொல்லலாம். பயிற்சியே தராமல் ஐ.சி.யு.வில் தனியாக விடுகிறார்கள், செய்யாததைச் செய்ததாக எழுதச் சொல்கிறார்கள், யாரேனும் தவறாக நடக்கிறார்கள் என்பது காரணமானால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கடைசியாகச் சொன்னதற்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவமனையிலேயே உள்புகார்க் குழு இருக்க வேண்டும்; அங்கே எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள்.

இரவு டூட்டி முடித்து வருகிற நாளில் வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு, ஜன்னலை மூடி, பிற்பகல்வரை யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "பகல்ல என்ன இவ்வளவு தூக்கம்?" என்று கேட்கும் உறவினருக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.