மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டு வரி

கேள்வி: நான் மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன், வயது 31. மதச் சுதந்திரத்துக்காக வாதாடவும் குரல் கொடுக்கவும் இளம் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வங்கி அலுவலர்கள் என்று இருபது பேருக்கு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி தர நண்பர்களுடன் திட்டமிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு மாடிக்கூடம் அதற்கு வசதியானது. ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் தந்தை, ‘ஊர் வம்பை வீட்டுக்குள் கொண்டுவராதே’ என்கிறார். மதத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மூன்று ஆண்டுகளுக்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அம்மா சங்கடப்படக் கூடாது என்று அவளாகவே தேவாலயத்தில் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தந்தையின் மனத்தை எப்படி மாற்றுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மூன்று பக்கம் வந்த உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறோம். ஆனால் உங்கள் மனைவியைப் பற்றிய பகுதியில் ஒரு சொல்லைக்கூட நான் வெட்டவில்லை. வெட்டும்படியாக அங்கே எதுவும் இல்லை. அவரைப் பற்றி நீங்கள் எழுதியதே அவ்வளவுதான்.

‘அவளாகவே.’ இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நான் மிகவும் அஞ்சும் சொல் இது. அவளாகவே வேலையை விட்டாள், அவளாகவே நகையைக் கழற்றிக் கொடுத்தாள், அவளாகவே பிறந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள் என்றெல்லாம் எழுதுபவர் கணவராக இருப்பார், அல்லது மாமியாராக இருப்பார். அந்த ‘அவள்’ தானே பேனாவை எடுத்து அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. உங்கள் தாயார் சங்கடப்படுவார் என்பது உங்கள் மனைவிக்கு எப்படித் தெரிந்தது? யாராவது ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘இன்றைக்கும் போக வேண்டுமா’ என்று யாரோ மெல்லக் கேட்டிருக்க வேண்டும். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

நீங்கள் பயிற்சியின் முதல் நாளே பிஜோ இமானுவேல் வழக்கைப் பாடமாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடப்பட்டபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. 1985இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி ஆணையிட்டது. அவர்களுடைய நம்பிக்கை நமக்கு உகந்ததா, அறிவுக்குப் பொருந்துகிறதா என்பதல்ல கேள்வி, அது உள்ளபடியே மனச்சான்றோடு கொண்ட நம்பிக்கையா என்பதுதான் கேள்வி என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, மூன்று பிள்ளைகளின் மௌனத்துக்கு என்ன பொருள் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சிரமம் எடுத்துக்கொண்டு விசாரித்தது என்பதுதான். மௌனம் அவமதிப்பு என்று பள்ளி தானாக முடிவு கட்டியது. மௌனம் சம்மதம் என்று நீங்கள் தானாக முடிவு கட்டியிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் வாயைத் திறக்காதவரை யாரும் கேட்கவில்லை.

மதச் சுதந்திரம் தரும் அரசமைப்பின் 25ஆவது பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும், மாமியாரை அல்ல என்று நீங்கள் வழக்கறிஞராக எனக்குப் பதில் எழுதக்கூடும். சரிதான். உங்கள் வீட்டுக் கூடத்துக்குள் ரிட் மனு வராது. அதனால்தான் உங்கள் பொறுப்பு கூடுகிறது. வெளியே ஒருவருக்கு உயர் நீதிமன்றம் உண்டு, உச்ச நீதிமன்றம் உண்டு, இந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீங்கள் இருவரும் எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்? இருவரில் ஒருவரும் தம் மதத்தைக் கைவிடாமல் மணந்துகொள்ள அது இடம் தருகிறது என்பதற்காகத்தானே? முப்பது நாள் திருமண அறிவிப்பைப் பதிவு அலுவலகச் சுவரில் ஊரார் படிக்க ஒட்டவைத்துவிட்டு, அதையும் தாங்கிக்கொண்டு கையெழுத்திட்ட பெண்ணிடம், நீங்கள் கொடுத்த வாக்கு அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. (அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு, இத்தகைய மணம் செய்துகொண்ட இந்து ஆண் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிறார் என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் சட்டத்தின் கட்சியில் இல்லை. பெற்றோரை விட்டுத் தனிக்குடித்தனம் போங்கள் என்று நான் யாருக்கும் எளிதில் சொல்பவள் அல்ல, உங்களுக்கும் சொல்லவில்லை. வயதான காலத்தில் மகன் உடனிருப்பது கடமை. ஆனால் அந்தக் கடமைக்கான விலையை மருமகளின் கணக்கில் எழுதக் கூடாது.)

உங்கள் தந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். வீடு அவருடையது, மாடியில் இருபது பேரைக் கூட்ட வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. வாதாடி அவரை வெல்ல முயலாதீர்கள். தலைமையாசிரியராக இருந்தவர் மகனின் வாதத்துக்குத் தோற்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வெளியே ஒரு கூடத்தை வாடகைக்கு எடுங்கள். மாடியில் பயிற்சி நடத்த அவருடைய சம்மதம் வேண்டும். உங்கள் மனைவி பூசைக்குப் போவதற்கு வேண்டாம். வேண்டாததை வாயைத் திறக்காமலே அவர் கையில் கொடுத்துவிட்டு, வேண்டியதற்கு மட்டும் அவரோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து இருபது பேர். அவர்களுக்குக் காபி போட்டு மாடிக்கு யார் எடுத்து வருவார்கள் என்று திட்டமிட்டிருந்தீர்கள்? பூசை நேரத்தில், மதச் சுதந்திர வகுப்புக்குத் தட்டேந்திப் படியேறும் பெண்ணைக் கற்பனை செய்து பார்த்தேன், தம்பி. எனக்குக் கோபம்தான் வந்தது.

பயிற்சியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இளைஞர்கள் இதைக் கற்க வேண்டிய காலம்தான். மதத்தைப் பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், 2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டதையும் அவர்கள் படிக்கட்டும். மதம் மாறி மணந்த கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கையும் படிக்கட்டும். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணையே நேரில் அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவரும் இடுகாட்டில் இடம் கிடைக்காதவரும் உங்கள் மாணவர்களிடம் வந்து உட்காரும்போது, முதலில் ‘அப்படி ஒன்றுமில்லை சார்’ என்றுதான் சொல்வார்கள். அந்த ‘ஒன்றுமில்லை’யை எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொடுக்க, வீட்டிலேயே மூன்று ஆண்டுகளாக அதைக் கேட்காமல் இருந்தவரால் எப்படி முடியும்?

வரும் சனிக்கிழமை இரவு, பெற்றோர் இல்லாத இடத்தில் உங்கள் மனைவியிடம் நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ‘எதற்கு வீண் பேச்சு’ என்றுதான் முதலில் சொல்வார். மறுபடியும் கேளுங்கள், பிறகு பொறுத்திருங்கள். உள்ளபடியே விருப்பமில்லை என்று அவர் சொன்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்; அதுவும் அவருடைய உரிமைதான். போக வேண்டும் என்றால், தாயாரிடம் அதைச் சொல்லும் வேலையை அவரிடம் விடாமல் நீங்களே சொல்லுங்கள், அன்றிரவே, தந்தையும் அருகில் இருக்கும்போது. காலையில் நீங்களே வண்டியில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வாசலில் காத்திருங்கள். மாடிக்கூடத்தைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு எழுதலாம்.