களை நாளில் யார் வருகிறார்கள்?

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. நண்பர்கள் சேர்ந்து பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையோரம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கூட்டுப் பண்ணை நடத்துகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் வந்து வேலை செய்கிறார்கள், விளைவதைப் பகிர்ந்துகொள்கிறோம். சம்பா நெல் ஒரு ஏக்கர், மீதியில் கீரை, காய்கறி, மார்கழியில் மல்லாட்டை (நிலக்கடலை). நடவு நாளன்று நாற்பது பேர் வருகிறார்கள். குழந்தைகள் சேற்றில் இறங்கினால் திருவிழாதான். அறுவடைக்கும் கூட்டம் வரும். ஐப்பசி பிறந்தால் மட்டும் நான்கைந்து பேர். களைக்கு ஊரிலிருந்து மூன்று அம்மாக்களைக் கூலிக்கு வைத்துச் சமாளிக்கிறோம். 2024-ல் ஃபெஞ்சல் புயலில் வயல் மூழ்கியபோது எல்லாரும் ஓடி வந்தார்கள். அதை நினைத்துத்தான் தெம்பாக இருக்கிறேன். அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே விரும்பிக் கூடி ஏரியைத் தூர்வாரியதே, அந்த மனம் இப்போது எங்கே போனது? ஆரோவில் பண்ணைகளில் எப்படி முடிகிறது? வருகைப் பதிவேடு வைத்து, வராதவர்களுக்கு அபராதம் போடலாமா? பயிருக்கு ஊற்றும் இயற்கைக் கரைசலில் பஞ்சகவ்யமா, ஜீவாமிர்தமா என்றும் எங்களுக்குள் சண்டை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ஒரு வாசகர், புதுச்சேரி

---

அன்புள்ள தம்பி,

பஞ்சகவ்யச் சண்டையை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். இரண்டில் எதை ஊற்றினாலும் உங்கள் நெல் சாகாது. மல்லாட்டைக்கு என்ன ரகம், என்ன ஊட்டம் என்று நிஜமாகவே தெரிய வேண்டுமானால் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வி.ஆர்.ஐ. ரகங்கள் அங்கே பிறந்தவைதான்.

உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு காரணத்துக்காக. "யாருக்கும் சம்பளம் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி, களைக்கு மூன்று அம்மாக்கள் கூலிக்கு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான், ஆனால் அந்த மூன்று பேர் உங்கள் பண்ணைக் கணக்கில் இல்லை. நாற்பது பேர் நட்டார்கள், நான்கைந்து பேர் நின்றார்கள் என்று எண்ணியபோது அவர்களை எண்ணவே தோன்றவில்லை. உங்கள்மேல் எனக்குப் பிரியம் இருக்கிறது. வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறங்குகிற பிள்ளைகளை எனக்கு ரொம்பவே பிடிக்கும். அதனால்தான் இது உறுத்துகிறது. ஐப்பசியில் உங்கள் வயலைக் காப்பாற்றியது அந்த மூன்று பேர்.

என் அம்மா களைக்குப் போனவர். நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் ஊர். சுற்றிலும் கரும்பு, நடுவில் நெல். ஐப்பசி மழையில் யூரியா சாக்கை முக்காடுபோல் மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் குனிந்தார் என்றால் மத்தியானம் கஞ்சி குடிக்கத்தான் நிமிர்வார். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கூடப் போவேன். எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். குதிரைவாலிப் புல்லுக்கும் நெல்லுக்கும் இளசில் வித்தியாசமே தெரியாது. அம்மா இலையைத் தடவிப் பார்க்கச் சொல்வார். நெல் இலை சொரசொரக்கும், புல் வழுவழுப்பாக இருக்கும். அப்புறம் இலை தண்டோடு சேரும் கணுவை விரித்துக் காட்டுவார். நெல்லில் அங்கே மெல்லிய சவ்வும் மயிர்போல் ஒரு கொக்கியும் இருக்கும். அந்தப் புல்லில் ஒன்றும் இருக்காது, வெறுமையாக இருக்கும். வேளாண்மைப் புத்தகத்தில் இதே அடையாளத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அந்தப் புல்லை விட்டுவிட்டால் அது நெல்லுக்கு முன்னாலேயே கதிர்விட்டு விதையை உதிர்த்துவிடும். அடுத்த வருஷக் களைக்கு இந்த வருஷமே விதைத்த கதையாகிவிடும். இது தெரிந்தவர் ஒருவர் உங்கள் வயலில் இருக்கிறார். நீங்கள் அவரைக் கூலி ஆள் என்கிறீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் கோபமாகத்தான் சொல்கிறேன். உங்கள் நாற்பது பேர் நடவு நட்ட வயல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் ஒரு சாண் தள்ளி நட்டிருப்பார், இன்னொருவர் நான்கு விரல் தள்ளி. குழந்தை ஒரே இடத்தில் கைப்பிடி நாற்றைச் செருகியிருக்கும். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஒற்றை நாற்று நடவில் கயிறு பிடித்து, முழத்துக்குப் பாதியாக, இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று குறுக்கும் நெடுக்கும் வரிசையாக நடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சந்தில் கோனோவீடர் என்கிற களைக்கருவியை நின்றவாக்கில் தள்ளிக்கொண்டு போகலாம். களை சேற்றில் அமுங்கி மட்கும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். வரிசை கோணினால் அந்தக் கருவி நெல்லையே மிதித்துவிடும். அப்புறம் ஒரே வழிதான், குனிந்து கையால் பறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டம் இரண்டு மணி நேரம் சந்தோஷமாக நட்டதற்கு, மூன்று வாரம் கழித்து அந்த அம்மாக்களின் இடுப்பு விலை கொடுக்கிறது. யோசித்தீர்களா? நடவை விழாவாகக் கொண்டாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொண்டாடுங்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் அந்த அம்மாக்களை நிறுத்துங்கள். அவர்கள் சொன்ன இடத்தில்தான் நாற்று இறங்க வேண்டும்.

களை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காது. நட்ட பதினைந்திலிருந்து இருபது நாளுக்குள் முதல் களை, முப்பது முப்பத்தைந்தில் இரண்டாவது. மல்லாட்டைக்கு இன்னும் கறார். இருபதாம் நாள் ஒரு கொத்து, நாற்பதாம் நாள் வாக்கில் இரண்டாவது கொத்தோடு மண் அணைப்பு. பூ பூத்து விழுது மண்ணில் இறங்கத் தொடங்கிவிட்டால் களைக்கொட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மண்ணைக் கிளறினால் விழுது அறும், காய் போகும். இரண்டு ஞாயிறு மழை பெய்து, மூன்றாவது ஞாயிறு யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் உங்கள் பட்டம் முடிந்தது. கோரை வேறு இருக்கிறது. மண்வெட்டியால் வெட்டினால் மேலே போய்விடும், கீழே கிழங்கு சரம்சரமாக அப்படியே இருக்கும். ஒன்றை வெட்டினால் நான்காகத் தழையும். கிழங்கோடு தோண்டி எடுத்து வரப்புக்கு வெளியே வெயிலில் காயப்போடப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை வாரம் ஒருமுறை வருகிறவருக்கு வாய்ப்பது கஷ்டம்.

ஆரோவில்லைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஒப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. அங்கே காடு வளர்க்கிற சாதனா ஃபாரஸ்ட் 2003-ல் தொடங்கியது. தன்னார்வலர்கள் கீற்றுக் குடிசையில் அங்கேயே தங்கி, விடியற்காலையில் வேலைக்கு இறங்குகிறார்கள். நிலத்தில் குடியிருப்பதும் நிலத்துக்கு வந்துபோவதும் வேறு வேறு. தவிர, 1968-க்குப் பிறகு அந்தச் செம்மண் மேட்டில் வரப்புப் போட்டு மரம் வளர்த்த கதையிலும் சுற்று வட்டாரத் தமிழ் ஊர்களின் கூலிக்காரர்கள் குழி வெட்டியிருக்கிறார்கள். அவர்களை அடிக்கடி மறந்துவிடுகிறோம். அதை விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

குடிமராமத்தைத்தான் விட முடியவில்லை. ஊரே விரும்பிக் கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். 1858-ல் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி, வாய்க்கால் மராமத்துக்கு வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவர், அதன் மதிப்பில் இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும் என்றது அது. உங்கள் பாகூர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. எங்கள் கடலூர்ப் பக்கம் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. ஊரே மனமுவந்து கூடிக்கொண்டிருந்தால் சட்டம் எதற்கு? அதற்கு முன்னாலும் சேற்றில் இறங்கியவர் யார், கரையில் நின்று இறங்கச் சொன்னவர் யார் என்று கேட்க வேண்டாமா? மடையைத் திறந்து மூடியவர்கள், மழை ராத்திரியில் கரை உடையாமல் காவல் காத்தவர்கள் பல ஊர்களில் சேரி மக்கள். நிலமும் தண்ணீரில் உரிமையும் பெரும்பாலும் வேறு தெருவில் இருந்தன. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறதே, அந்த வாய்க்காலை வருஷா வருஷம் தூர்வாரியவர்களின் பெயர் எந்தச் செப்பேட்டில் இருக்கிறது? பழைய ஏற்பாட்டில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. எனக்கும் அதன்மேல் மரியாதை இருக்கிறது. கூலியில்லாத உழைப்பை அன்பு என்று நாம் பாடும்போது, அது யார் முதுகிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் அபராத யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு அரசாங்கமே சட்டம் போட்டு வசூலிக்கப் பார்த்தும் ஏரிகள் தூர்ந்துகொண்டுதான் போயின. நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நண்பர்களிடம் பணம் பிடித்தால் பணமும் வராது, நண்பர்களும் வரமாட்டார்கள். வேண்டாம்.

ஃபெஞ்சலின்போது எல்லாரும் ஓடி வந்தது நல்ல காரியம். நவம்பர் 30 ராத்திரி கரை கடந்த புயல், இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், தென்பெண்ணை இரு கரையும் வழிந்தது எல்லாவற்றையும் நாங்களும் இங்கே பார்த்தோம். அந்த நேரத்தில் வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வெள்ளம் வடிந்த வயலில் வண்டல் மட்டும் தங்காது, ஊர்ப்பட்ட களை விதையும் தங்கும். தையில் அதெல்லாம் முளைத்தபோது யார் குனிந்து எடுத்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நடவுக்குத் தேதி அறிவிக்கும்போதே இரண்டு களை நாளையும் சேர்த்து அறிவியுங்கள். அது புதன்கிழமையாக இருந்தால் புதன்கிழமைதான். அலுவலகத்தில் விடுப்புப் போடுகிறவர்கள் நடவுக்குப் போட வேண்டாம், களைக்குப் போடட்டும். அன்றைக்கு வேலை சொல்வது அந்த மூன்று அம்மாக்கள். எந்தப் பக்கம் தொடங்குவது, எதைப் பிடுங்குவது, எதை விடுவது எல்லாம் அவர்கள் வாய்ச்சொல். வயலில் ஆரைக்கீரையும் வரப்பில் பொன்னாங்கண்ணியும் கிடைத்தால் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுப்பார்கள். அது முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

கூலி விஷயத்தில் வரப்பு வெட்டுகிற ஆணுக்கு ஒன்று, களை எடுக்கிற பெண்ணுக்கு அதில் பாதி என்று ஊர் வழக்கம் சொல்லும். சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்தும் வயலுக்குள் அது இறங்கவில்லை. உங்கள் இரண்டு ஏக்கரிலாவது இறங்கட்டும். கூலியை அன்று சாயங்காலமே கையில் கொடுங்கள், அடுத்த ஞாயிறு என்று இழுக்காதீர்கள். ஒதுங்க ஒரு மறைப்பும் தண்ணீரும் வேண்டும். என் அம்மா வயலில் இருக்கிற நாளெல்லாம் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வார், எதனால் என்று பெண்களுக்குத் தெரியும். உங்கள் குழுவில் இருக்கிற பெண்களிடம் கேளுங்கள், அவர்களும் அதே சிரமத்தில்தான் இருப்பார்கள், சொல்லியிருக்கமாட்டார்கள். நடவுக்கு வந்தவர்கள் ஐப்பசியில் வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தையில் நெல்லைப் பங்கு பிரிக்கும்போது, கூலி கொடுத்தது போக, அந்த மூன்று வீட்டுக்கும் ஒரு பங்கு வையுங்கள். எல்லாருக்கும் அளந்து மிஞ்சியதில் வேண்டாம், முதலில் அளந்துவிடுங்கள்.

மார்கழியில் மல்லாட்டை விதைத்ததும் தேதியை எனக்கு எழுதி அனுப்புங்கள். இருபதாம் நாள் கடலூரிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அந்த அம்மாக்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா